கல்லீரலுக்கு அத்திப்பழத்தின் பெயரா? (விவாத இழை)

வாசகர் கேள்வி, 12.08.2023

இத்தாலியன், ஸ்பானிஷ், பிரெஞ்சு எல்லாவற்றிலும் கல்லீரலைக் குறிக்கும் சொல் அத்திப்பழத்திலிருந்து வந்ததாம். ஒருவர் எழுதியிருந்தார். சும்மா அடித்துவிடுகிறார் என்றே தோன்றுகிறது. ஈரலுக்கும் அத்திக்கும் என்ன சம்பந்தம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12.08.2023, இரவு 9.50

அடித்துவிடவில்லை. உண்மைதான்.

லத்தீனில் கல்லீரலுக்குப் பழைய சொல் யெகுர். அத்திப்பழம் ஃபீக்குஸ். ரோமாபுரிப் பணக்காரர்கள் வாத்துக்கும் பன்றிக்கும் அத்திப்பழத்தைத் தின்னக் கொடுத்து, ஈரலைக் கொழுக்க வைத்துச் சாப்பிட்டார்கள். அந்தப் பண்டத்துக்கு 'யெகுர் ஃபிகாத்தும்' என்று பெயர். அத்தி ஏற்றிய ஈரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள்போக்கில் முன்சொல் உதிர்ந்து வெறும் 'ஃபிகாத்தும்' நின்றது. கடைசியில் அத்தியைக் கண்ணால்கூடப் பார்க்காத விலங்கின் ஈரலும் ஃபிகாத்தும் ஆகிவிட்டது.

நம்ப முடியவில்லை என்றால் ஏதாவது டிபன் கடையில் போய் உட்காருங்கள். "ரெண்டு மசால், ஒரு ஆனியன்!" என்று சர்வர் உள்ளே குரல் கொடுப்பார். யாரும் வெங்காயத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவருவதில்லை, ஊத்தப்பம்தான் வரும். அதே வேலைதான் அங்கேயும் நடந்திருக்கிறது.

இன்று இத்தாலியனில் ஃபேகத்தோ, ஸ்பானிஷில் ஈகதோ, போர்த்துகீசியத்தில் ஃபீகதோ, ருமேனியனில் ஃபிகாத், கட்டலானில் ஃபெட்ஜெ, பிரெஞ்சில் ஃபுவா. ஆறும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

12.08.2023, இரவு 11.15

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டவருக்கு: நான் மொழியியல் படித்தவன் இல்லை. ஃபுளோரன்ஸ் பக்கம் ஓர் உணவகச் சமையலறையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அதற்கு முன் மதுரையில் அப்பாவின் ஆட்டுக்கறிக் கடையில். இரண்டு இடத்திலும் ஈரலோடுதான் பிழைப்பு.

போன புதிதில் எனக்கு இத்தாலியன் அரைகுறை. டஸ்கனியில் கோழி ஈரலை நெத்திலி, கேப்பர் மொக்கு எல்லாம் சேர்த்து அரைத்து ரொட்டியில் தடவித் தருவார்கள். அதற்கான கோழி ஈரலுக்கு ஃபேகத்தீனி என்று பெயர். ஒருநாள் மறுநாள் சரக்குக்குப் பட்டியல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஃபேகத்தீனி எழுத வேண்டிய இடத்தில் நான் ஃபீக்கி என்று எழுதித் தொலைத்தேன். ஃபீக்கி என்றால் அத்திப்பழங்கள். செப்டம்பர் மாதம், நல்ல சீசன். காலையில் இரண்டு பெட்டி நிறைய அத்திப்பழம் வந்து வாசலில் இறங்கியது.

தலைமைச் சமையல்காரர் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. கத்தி முடித்ததும் அவரே சிரித்துவிட்டு, "சரி போ, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இந்தக் கதையை அவர் சொல்லித்தான் முதலில் கேட்டேன்.

13.08.2023, காலை 7.30

நேற்று ஆறு சொற்களை வரிசையாகப் போட்டுவிட்டேன். அவற்றில் பாதி அந்தச் சமையலறையிலேயே காதால் கேட்டவை. பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு ருமேனியா அக்கா. காய் நறுக்க ஈக்வடார்க்காரன். செனகலிலிருந்து வந்த பையன் பிரெஞ்சு பேசுவான். அத்திப் பெட்டிகள் வந்த அன்று ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியில் கேட்டோம், அத்திக்கு என்ன, ஈரலுக்கு என்ன என்று.

ஈக்வடார்க்காரன்: அத்தி ஈகோ, ஈரல் ஈகதோ. ஸ்பானிஷில் பழைய லத்தீன் ஃப பெரும்பாலும் ஹ ஆகி, அப்புறம் அந்த ஹவும் வாயில் வராமல் போய்விட்டது. மாவுக்கான ஃபரீனா அரீனா ஆனது, இரும்புக்கான ஃபெர்ரும் இயெர்ரோ ஆனது. அதனால்தான் அத்தி ஈகோ. (நமக்கு வேறு ஈகோ ஞாபகம் வரும்.) ஈகோ, ஈகதோ இரண்டையும் பிறந்ததிலிருந்து பேசுகிறான், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது இல்லையாம்.

செனகல் பையன்: ஃபீக், ஃபுவா. சொந்தம் என்று சொன்னால் யார் நம்புவார்? தேய்ந்து தேய்ந்து எலும்புகூட மிச்சமில்லை.

ருமேனியா அக்காதான் சுவாரசியம். ஈரல் ஃபிகாத். அத்திக்கு ஸ்மொகீனா, அது ஸ்லாவ் மொழிகளிலிருந்து வந்த சொல். பழத்தின் லத்தீன் பெயர் அவர்கள் பேச்சில் போய்விட்டது, ஆனால் ஈரலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. "அப்படியானால் என் வயிற்றுக்குள்ளே பழம் இருக்கிறதா?" என்று அந்த அக்கா விலாவைத் தடவிக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

13.08.2023, மதியம் 2.05

திருத்தம். "ரோமர்கள் கண்டுபிடித்தார்கள்" என்ற தொனியில் எழுதிவிட்டேன், ஒருவர் பிடித்துக்கொண்டார். அவர் சொல்வது சரி. கிரேக்கர்களிடமும் இதே பெயர் இருக்கிறது. கிரேக்கத்தில் அத்தி சூக்கோன், அத்தி ஊட்டிய ஈரல் சூக்கோத்தோன். இன்றைய கிரேக்கத்தில் ஈரலுக்கு சாதாரணச் சொல்லே சிகோத்தி. பழைய ஹேப்பர் ஆஸ்பத்திரியோடு நின்றுவிட்டது, ஹெப்பாடிட்டிஸ் என்று டாக்டர் சீட்டில் எழுதுகிறாரே அதுதான். லத்தீன் ஃபிகாத்தும் கிரேக்கச் சொல்லைப் பார்த்து வார்த்தைக்கு வார்த்தை செய்துகொண்டது என்பதுதான் பொதுவான கருத்து.

வாத்துக்குத் தீனி திணிப்பது அதைவிடப் பழசு. எகிப்தில் சக்காராவில் 4,000 ஆண்டுக்கு முந்தைய கல்லறைச் சுவர்ச் சிற்பங்களில் ஆட்கள் உட்கார்ந்து வாத்தின் வாயில் உருண்டை உருண்டையாகத் தள்ளுகிறார்கள்.

13.08.2023, மாலை 6.40

இன்னொரு திருத்தமும். தனிச்செய்தியில் ஒருவருக்கு "அபிசியுஸ் கண்டுபிடித்தது" என்று சொன்னேன். தப்பு.

அபிசியுஸ் என்பவர் ரோமப் பேரரசன் திபேரியுஸ் காலத்துச் சாப்பாட்டுப் பிரியர், கி.பி. முதல் நூற்றாண்டு. ரோமானிய எழுத்தாளர் பிளினி தன் 'இயற்கை வரலாறு' நூலில் சொல்வது இது: வாத்து ஈரலுக்குச் செய்கிற வித்தையைப் பெண்பன்றிக்கும் செய்தவர் அபிசியுஸ். உலர்ந்த அத்தியை ஊட்டி ஊட்டிக் கொழுக்க வைத்து, திடீரென்று தேன் கலந்த ஒயினைக் குடிக்கக் கொடுத்துக் கொன்றுவிடுவது. வாத்து வித்தை யாருடையது என்றால், அதே பிளினி வேறு இரண்டு பேரைச் சொல்லி, இருவரில் யார் முதல் என்று தகராறு என்கிறார். தவிர, அபிசியுஸுக்கு முன்பே, கி.மு. 30 வாக்கில், ஹொராஸ் தன் அங்கதப் பாட்டு ஒன்றில் அத்தி தின்ற வெள்ளை வாத்தின் ஈரலை விருந்தில் பரிமாறிவிட்டார். ஆக அபிசியுஸுக்குப் பன்றி மட்டும்தான்.

எடுத்த ஈரலைத் தேன் கலந்த பாலில் ஊறவைத்துப் பெரிதாக்குவார்களாம். எங்கள் கடையில் இதைச் செய்திருந்தால் எடை கூடிவிட்டது என்று அப்பா மகிழ்ந்திருப்பார்.

14.08.2023, காலை 6.55

இரவெல்லாம் ஒரே யோசனை. பெயர் மாறினது புரிகிறது. ஆனால் பழைய பெயர் ஏன் முழுதாகச் செத்தது? உணவுக்கு ஒரு பெயர், உறுப்புக்கு ஒரு பெயர் என்று இரண்டும் இருந்திருக்கலாமே?

ஒரு காரணம் இலக்கணம். யெகுர் கோணல்மாணலான சொல். 'ஈரலின்' என்று சொல்ல யெகொரிஸ் என்பார்கள், யெகினோரிஸ் என்றும் சொல்வார்கள். நடுவில் ஒரு ன எங்கிருந்தோ வந்து குதிக்கும். பள்ளிக்கூடம் போனவன் சொல்லுவான். சந்தையில் நிற்பவனுக்கு ஃபிகாத்தும் எளிது, ஒழுங்காக வளைந்துகொடுக்கும்.

இரண்டாவது என் ஊகம். யெகுர் கோயில் பக்கத்துச் சொல். பலி கொடுத்த ஆட்டின் ஈரலைக் கையில் ஏந்திக் குறி சொல்ல ஹருஸ்பெக்ஸ் என்று தனி ஆட்களே இருந்தார்கள், ரோமுக்கு வடக்கே வாழ்ந்த பழைய இத்தாலிய இனமான எத்ருஸ்கர்களிடமிருந்து ரோமுக்கு வந்த கலை அது. 1877இல் இத்தாலியின் பியாச்சென்ஸா அருகே உழும்போது வெண்கலத்தில் செய்த ஆட்டு ஈரல் ஒன்று கிடைத்தது. மேலே கட்டம் கட்டமாகப் பிரித்து, எத்ருஸ்கத் தெய்வங்களின் பெயர்கள் பொறித்திருக்கிறது. இன்றும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் எங்கள் கடை ஈரல் அச்சு அசலாக, பித்தப்பை உட்பட. கிறித்தவம் வந்து பலியும் குறியும் நின்றபின், ஈரலுக்கு வேலை அடுப்பங்கரையில் மட்டும். அங்கே ஏற்கெனவே ஃபிகாத்தும் இருந்தது.

முதல் காரணம் புத்தகங்களில் இருப்பது. இரண்டாவது நான் சொல்வது. எடுத்துக்கொள்ளலாம், தள்ளலாம்.

14.08.2023, இரவு 10.20

எழுத்தில் சாட்சி உண்டா என்று கேட்டவருக்கு. உண்டு. ரைஹெனாவ் சொற்பட்டியல் என்று ஒன்று. எட்டாம் நூற்றாண்டு. பைபிளின் லத்தீன் அப்போதைய துறவிகளுக்கே புரியாமல் போய்விட்டது. கடினச் சொல்லுக்குப் பக்கத்தில் தங்கள் பேச்சு லத்தீனை எழுதிவைத்தார்கள். நம் ஊரில் பழைய பாட்டுக்கு உரை எழுதின மாதிரி. அதில் யெகொரே என்ற சொல்லுக்கு நேரே ஃபிகாத்தோ என்று இருக்கிறது. அதாவது அந்தக் காலத்திலேயே யெகுருக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

அதே பட்டியலில் பாலாடைக்கட்டிக்குக் காசெயும் என்ற பழஞ்சொல்லுக்கு ஃபொர்மாத்திக்கோ என்று போட்டிருக்கும். அச்சில் ஊற்றியது என்று பொருள். பிரெஞ்சு ஃப்ரோமாஜ் அதன் பேத்தி. சமையலறைக்காரர்கள் வேலை பார்க்கும் விதமே இதுதான், பொருளை விட்டுவிட்டுச் செய்முறையைப் பெயராக வைத்துவிடுவது.

15.08.2023, மாலை 4.10

விடுமுறை. அப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு வெளிநாடு போகணுமா? சுவரொட்டி இல்லையா?" என்றார்.

எனக்கு ஏன் தோன்றவில்லை! பள்ளிப் புத்தகத்தில் மண்ணீரல். கடைக்கு வந்து மண்ணீரல் கொடுங்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. சுவரொட்டி இருக்கா என்றுதான் கேட்பார்கள். ரத்தசோகை என்று டாக்டர் சொன்ன பெண்களுக்காகக் காலை ஆறு மணிக்கே வந்து நிற்பார்கள், ஓர் ஆட்டுக்கு ஒன்றுதானே. நாளை மண்ணீரல் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டால், நூறு வருடம் கழித்து மனிதனுக்குள்ளேயும் சுவரொட்டிதான் இருக்கும். "டாக்டர், எனக்குச் சுவரொட்டி வீங்கியிருக்கு."

15.08.2023, மாலை 5.00

சுவரில் எறிந்தால் உண்மையிலேயே ஒட்டுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அதுதான் பெயர்க் காரணம் என்று சொல்வார்கள். நான் எறிந்து பார்த்தது இல்லை. கறிக்கடைக்காரன் மகன் விற்கிற பொருளைச் சுவரில் எறிய முடியுமா?

16.08.2023, காலை 8.15

"கறி என்ற சொல்லே இப்படித்தானே? சங்க காலத்தில் கறி என்றால் மிளகு, இப்போது இறைச்சி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் துள்ளிக் குதித்தேன். அத்தி ஈரலானது, மிளகு இறைச்சியானது. அபிசியுஸ் பெயரில் வழங்கும் சமையல் புத்தகத்திலும் ஃபிகாத்தும் செய்முறையில் மிளகு இருக்கிறது. அந்த மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து முசிறி வழியாகக் கப்பலேறிப் போனது. இரண்டு கதையும் ஒரே சட்டியில்!

16.08.2023, மதியம் 1.30

காலையில் போட்டதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். மிளகு என்ற பொருளில் கறி சங்கப் பாட்டுகளில் இருப்பது நிச்சயம். ஆனால் மிளகுக் கறியும் சாப்பாட்டுக் கறியும் ஒரே சொல்தானா, இல்லை கரிதல் கருகுதல் பக்கத்து வேறு சொல்லா என்பதில் அகராதிக்காரர்கள் ஒருமனதாக இல்லை. ஃபிகாத்தும் மாதிரி படிப்படியாகக் காட்ட முடியாது. அழகாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது, நானே துள்ளிக் குதித்தேன் பாருங்கள்.

அதற்குப் பதில் இன்னொன்று, இது கொஞ்சம் திடமானது. பிரெஞ்சில் தலைக்கு தேத், இத்தாலியனில் தேஸ்தா. லத்தீனில் தேஸ்தா என்றால் மண்சட்டி. யாரோ கேலியாக 'உன் சட்டி' என்று சொல்லப்போய்த் தலைக்கே பெயராகிவிட்டது. நம் மண்டை? புறநானூற்றுப் பாணர் கையில் மண்டை என்பது கள் வாங்கிக் குடிக்கும் கலம். இப்போது எங்கே இருக்கிறது பாருங்கள்.

கால் கதையும் உண்டு. ஸ்பானிஷ் பியெர்னா, போர்த்துகீசிய பெர்னா, இரண்டுக்கும் மூலம் லத்தீன் பெர்னா. லத்தீனில் அது பன்றித் தொடைக்கறி. மனிதன் தன் காலையே கறிக்கடைப் பெயரில் கூப்பிடுகிறான்.

17.08.2023, இரவு 9.05

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர்: "இவ்வளவு கதைக்கிறீங்கள், நாங்கள் புழங்கிற குசினியை விட்டிட்டீங்கள்." விட்டதற்கு மன்னிக்கவும் அக்கா. போர்த்துகீசிய கொசீன்யா, இத்தாலிய குச்சீனா, ஸ்பானிஷ் கொசீனா, பிரெஞ்சு கியூஸீன், எல்லாம் ஒரே குடும்பம். புதுச்சேரியிலும் குசினிதான். என் ருமேனியா அக்கா மட்டும் இதிலும் தனி வழி, அவருக்குச் சமையலறை புகெட்டெரியே.

19.08.2023, காலை 10.40

அர்த்தங்கள் பக்கம் வருவோம், சொல்லை மட்டும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம்.

இத்தாலியனில் "அவனுக்கு ஃபேகத்தோ இருக்கிறது" என்றால் தைரியசாலி. ஸ்பானிஷிலும் அப்படிச் சொல்வதுண்டு. மல்லுக்கட்டி உழைப்பதற்கு அவர்கள் "ஈரலைக் கக்குவது" என்பார்கள். போர்த்துகீசியத்தில் கெட்ட ஈரல் என்றால் சிடுமூஞ்சி, ஜென்மப் பகைவனுக்கு 'ஈரல் பகைவன்'. பிரெஞ்சில் போனால் தலைகீழ். "அவனுக்கு ஃபுவா பிடித்துவிட்டது" என்ற மாதிரி ஒரு வழக்கு இருக்கிறது, பயந்து நடுங்குகிறான் என்று பொருள்.

செனகல் பையன் ஒருநாள் மீன் பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தபோது இதைச் சொல்ல, தலைமைச் சமையல்காரர் "தைரியமாக இருக்கிறது என்கிறானே" என்று குழம்பினார். எனக்கு மட்டும்தான் பையன் சொன்னது உடனே புரிந்தது. நம் ஊரில் ஈரக்குலை நடுங்கும். நெருப்பைப் பார்த்த எனக்கும் அங்கேதான் நடுங்கியது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்னொரு பழக்கம். விருந்தில் அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் குமட்டினால், ஈரல் கோளாறு வந்துவிட்டது என்பார்கள், க்ரீஸ் த ஃபுவா. உண்மையில் அது வயிற்றுச் சமாச்சாரம், ஈரலுக்குச் சம்பந்தமில்லை. நாம் எல்லாவற்றுக்கும் பித்தம் ஏறிவிட்டது என்று சொல்லி இஞ்சிச் சாறு குடிப்பது போலத்தான்.

19.08.2023, மதியம் 12.20

ஆமாம், ஃபுவா க்ரா பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். கொழுத்த ஈரல் என்று பொருள். வேடிக்கையைப் பாருங்கள். ஃபுவா என்பதே கொழுக்க வைத்த ஈரலின் பெயர்தான். அது சாதா ஈரலாகிவிட்டதால், மறுபடி 'கொழுத்த' என்று ஒட்டவேண்டி வந்தது. நாம் 'நடுசென்டர்' என்று சொல்வது மாதிரி. இதற்குள் அத்தியும் போய்விட்டது, இப்போது வாத்தின் தொண்டையில் குழாய் வைத்து மக்காச்சோளம்தான் தள்ளுகிறார்கள். பிரான்ஸ் அதைத் தன் கலாசாரப் பாரம்பரியம் என்று 2006இல் சட்டத்திலேயே எழுதிவைத்தது. இந்தியா 2014இல் இறக்குமதிக்குத் தடை போட்டது. நான் ஒருமுறை விரல்நுனியளவு சாப்பிட்டிருக்கிறேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. குழாய் ஞாபகம் வந்ததும் இறங்கவில்லை. ஆடு வெட்டுகிற வீட்டுப் பிள்ளை இப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியும்.

20.08.2023, இரவு 11.50

இது தூக்கத்தைக் கெடுத்துவிட்டது, எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

14ஆம் தேதி யெகுர் செத்தது என்று எழுதினேன் அல்லவா. லத்தீன் வீட்டில் செத்தது. பங்காளி வீட்டில் சாகவில்லை. லத்தீன் யெகுர், சமஸ்கிருத யக்ருத், கிரேக்க ஹேப்பர் மூன்றும் ஒரே மூதாதைச் சொல்லின் கிளைகள். சமஸ்கிருதத்திலும் 'ஈரலின்' என்றால் யக்னஸ், அங்கேயும் அதே ன குதிக்கிறது, அவ்வளவு நெருக்கம். நாலாவது கிளை ஈரானுக்குப் போனது. அங்கே சொல்லின் தலையில் இருந்த ய, ஜ ஆகியது, யமுனா ஜமுனா ஆவது போல. அப்படி வந்த பாரசீகச் சொல்: ஜிகர்.

ஜிகர்!

ஜிகர்தண்டா. ஈரல் குளிர்ச்சி. உருதுக்காரர் வாயிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து, சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் என்று தம்ளரில் நிற்கிறது. இத்தாலி முழுவதும் சுற்றினாலும் தெருவில் ஒருவர் வாயில் யெகுர் வராது. மதுரை விளக்குத்தூண் பக்கம் நின்றால் நிமிஷத்துக்கு ஒருமுறை அதன் சித்தப்பா மகன் பெயர் காதில் விழுகிறது. நான் பிறந்ததிலிருந்து குடிக்கிறேன். ஈக்வடார்க்காரனைச் சிரித்தேனே, ஈகோவையும் ஈகதோவையும் சேர்த்துப் பார்க்கவில்லை என்று.

21.08.2023, காலை 7.10

"ஜிகிரி தோஸ்த்தும் அதுதானா?" அதேதான். ஈரல் நண்பன். உயிர் நண்பன் என்பதற்கு அங்கே ஈரல். 'தில்' இருக்கா என்று கேட்பதும் பாரசீக இதயம். மலையாளத்தில் ஈரலுக்குக் கரள், காதலியைக் கரளே என்பார்கள். தமிழில் காதலியை ஈரலே என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவை இங்கே எழுதவும்.

"ஈரல் என்பதிலிருந்துதான் யெகுரே வந்தது" என்று எழுதிய அண்ணனுக்கு: இரண்டிலும் ரகரம் இருக்கிறது. வேறு ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள்.

23.08.2023, இரவு 8.30

சிறிய திருத்தம், ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும். ஃபிகாத்தும் நேராக ஃபேகத்தோ ஆகியிருக்க முடியாது என்று ஒருவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். லத்தீனில் அழுத்தம் நடுவில், கா மேல். ருமேனியன் அதை அப்படியே வைத்திருக்கிறது. இத்தாலியனும் ஸ்பானிஷும் அழுத்தத்தை முதல் எழுத்துக்குத் தள்ளிவிட்டன. மேலும் அத்தி இத்தாலியனில் ஃபீக்கோ என்று ஈகாரத்தோடு இருக்க, ஈரலில் மட்டும் ஏகாரம் எப்படி வந்தது? கிரேக்க சூக்கோத்தோன் பேச்சில் வந்து மோதி, இரண்டும் கலந்து உருமாறியிருக்க வேண்டும் என்கிறார்கள். பிரெஞ்சு ஃபுவாவும் அந்தக் கலப்பு வடிவத்தின் வழிதான். ஆக முதல் நாள் நான் சொன்ன நேர்கோடு கொஞ்சம் வளைந்தது. பழம் அதேதான்.

27.08.2023, மாலை 5.45

செய்து பார்த்தாகிவிட்டது. ஊருக்கு வந்திருக்கிறேன். அபிசியுஸ் பெயரிலுள்ள புத்தகத்தின் ஃபிகாத்தும்: ஈரலை நாணல் தட்டையால் கீறி, மீன் சாற்றில் ஊறப்போட்டு, மிளகு, ஒரு மூலிகை, இரண்டு லாரல் மரக் காய் (நம் பிரிஞ்சி இலை மரம் இல்லை, அவர்கள் ஊர் மரம்) சேர்த்து, குடலைச் சுற்றி வலை போல இருக்கும் கொழுப்பில் சுருட்டிக் கம்பி அடுப்பில் சுடவேண்டும். டஸ்கனியில் ஃபேகத்தெல்லி என்று பன்றி ஈரலை இன்றும் இதே கொழுப்பு வலையில், அதே மரத்து இலை வைத்துச் சுடுகிறார்கள். எத்தனையோ முறை சுருட்டியிருக்கிறேன், இவ்வளவு பழையது என்று தெரியாமல்.

இங்கே ஆட்டு ஈரல். மீன் சாற்றுக்கு நெத்திலிக் கருவாட்டை ஊறவைத்த தண்ணீர். அந்த மூலிகை கிடைக்கவில்லை, ஓமம் போட்டேன், போட்டிருக்கக் கூடாது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் சின்ன வெங்காயம் வதக்கிப் போட்டிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார். வெனிஸ்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள் அம்மா என்றேன். "அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

28.08.2023, காலை 6.20

கடையில்தான் இருக்கிறேன், அப்பா டீ குடிக்கப் போயிருக்கிறார். கேட்ட மூன்று பேருக்கும்: எறிந்தேன். ஒட்டுகிறது. நான் எண்ணி முடிப்பதற்குள் அப்பா வந்துவிட்டார், எத்தனை நொடி என்று சொல்ல முடியவில்லை.